கப்பலை ஓட்டினவங்க என்ன ஆனாங்க?

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் சாயங்காலம் ஒரு இலவச டியூஷன் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன வருஷம் துணைப்பாடத்தின் முதல் கதையை எடுத்தேன். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்', அதாவது புயல். தீவில் இருக்கும் மந்திரவாதி புயலைக் கிளப்புகிறான். கப்பல் தத்தளிக்கிறது. ராஜா, இளவரசன், துரோகித் தம்பி எல்லோரும் கரை ஒதுங்குகிறார்கள். காதல், மன்னிப்பு, சுபம். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கேட்டான்: "அக்கா, கப்பலை ஓட்டினவங்க என்ன ஆனாங்க?"

புத்தகத்தைப் புரட்டினேன். கப்பல் பத்திரம் என்கிற அளவில் தெரிந்தது. ஓட்டினவர்கள் யார், புயலில் என்ன செய்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை.

அவன் இலக்கிய ஆர்வத்தில் கேட்கவில்லை. அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த ஊரில் புயல், படகு என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது ஆட்களைப் பற்றித்தான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஷேக்ஸ்பியரிடம் பதில் இருக்கிறது, நம் பாடநூலில் இல்லை. இந்தக் கட்டுரை எழுதுவதற்குக் காரணம் அந்த இடைவெளிதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பழைய நாடகங்களை நாம் "அறிமுகம்" செய்கிறோம் என்கிறோம். அப்படி அறிமுகம் செய்யும்போது வெட்டி எறிவது எதை? மூன்று இடங்களைப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் வெட்டப்பட்டவர் உழைக்கிறவர். இது சதி என்று நான் சொல்லவில்லை. பழக்கம். ஆனால் சதியைக் கண்டுபிடித்தால் நிறுத்திவிடலாம். பழக்கத்தை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

*

முதல் இடம், அந்தப் பையன் கேட்ட இடம்.

'டெம்பஸ்ட்' நாடகம் தீவில் தொடங்கவில்லை. மந்திரவாதி புராஸ்பரோவிடமும் தொடங்கவில்லை. புயலுக்கு நடுவில், கப்பலின் மேல்தளத்தில், வேலை செய்கிறவர்களின் கூச்சலில் தொடங்குகிறது. அங்கே போட்ஸ்வைன் ஒருவன் இருக்கிறான். நம்ம துறைமுகத்துப் பழைய பேச்சில் சொன்னால் சாரங்கு. பாயை இறக்கு, கொடிமரத்தைத் தாழ்த்து என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கிறான். கீழே இருக்க வேண்டிய ராஜாவும் பிரபுக்களும் மேலே வந்து குறுக்கே நிற்கிறார்கள். அவன் அவர்களைப் பார்த்து, வேலையைக் கெடுக்காதீங்க, கீழே போங்க என்கிறான். கப்பலில் யார் இருக்கிறார்கள் என்று நினைவிருக்கட்டும் என்று ஒரு முதிய பிரபு சொல்கிறார். என் உசுரை விட எனக்குப் பெரிய ஆள் இங்கே யாருமில்லை என்ற அர்த்தத்தில் பதில் வருகிறது. அலைக்கு ராஜா பேரு தெரியாது, உங்க அதிகாரத்தை வைத்து முடிந்தால் கடலை அடக்கிக் காட்டுங்க என்று மேலும் ஒரு போடு போடுகிறான். பிரபுக்கள் அவனை நாய் என்று திட்டுகிறார்கள். அப்படியானால் நீங்களே வந்து வேலை செய்யுங்கள் என்கிறான்.

எழுபது வரிக்குள் முடிந்துவிடும் காட்சி. 1611-இல் இந்த நாடகம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் நடந்ததற்குப் பதிவு இருக்கிறது. அதாவது ஒரு ராஜாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, கடலில் ராஜாவை விட சாரங்குக்குத்தான் மதிப்பு என்று காட்டியிருக்கிறார்கள். கறாராகப் பார்த்தால் எலிசபெத் ராணி 1603-இலேயே இறந்துவிட்டார். ஆனால் நாடகக் கம்பெனியும் மேடை மரபும் அவர் காலத்தவைதான்.

நம் பாடநூலில் இருப்பது இந்த நாடகம் அல்ல. சார்லஸ் லாம், மேரி லாம் என்ற அக்கா தம்பி இருவரும் 1807-இல் வெளியிட்ட 'ஷேக்ஸ்பியர் கதைகள்' தொகுப்பின் சுருக்கம். அந்தக் கதை தீவில் தொடங்குகிறது. சாரங்கு கிடையாது. குடித்துவிட்டு ரகளை செய்யும் வேலைக்காரர்களான ஸ்டெஃபானோவும் டிரிங்குலோவும் கிடையாது. பிரபுக்களின் குடும்பச் சண்டை மட்டும் மிஞ்சுகிறது.

மேரி லாமைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 'டெம்பஸ்ட்' உள்பட அந்தத் தொகுப்பின் பெரும்பகுதியை எழுதியவர் அவர்தான். முதல் பதிப்பில் தம்பி பெயர் மட்டும்தான் இருந்தது. ஆண் பிள்ளைகளைப் போல அப்பாவின் நூலகத்தைச் சிறு வயதிலேயே தொட முடியாத பெண் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியதாக முன்னுரை சொல்கிறது. பிறகு அசலைப் படிப்பதற்கு இது முன்னோட்டம் என்றும் சொல்கிறது. அவர் போட்டுக் கொடுத்தது ஏணி. இருநூறு வருஷம் கழித்து நாம் ஏணியையே வீடு என்று சொல்லிப் பிள்ளைகளை அதில் குடிவைக்கிறோம்.

தம்பி சார்லஸ் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கெழுதியவர். மதராஸ் கடற்கரையில் கோட்டை கட்டிய அதே கம்பெனி. அதனால் அவர் வில்லன் ஆகிவிட மாட்டார். ஆனால் இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்குக் கடைசியில் அந்த வீட்டுப் பிரதிதான் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

*

இரண்டாவது இடம் காலிபன்.

லாம் கதையில் காலிபன் ஒரு கோர உருவம். குரங்கை விட மனித ஜாடை குறைந்தவன். புராஸ்பரோ அன்பாகத்தான் இருந்திருப்பார், இவனுடைய பிறவிக் குணம் நல்லதைக் கற்க விடவில்லை, அதனால் விறகு சுமக்கும் அடிமையாக வைத்துக்கொண்டார். கதை இவ்வளவுதான் சொல்கிறது. பிறவிக் குணம் சரியில்லை, ஆகவே அடிமை. இந்த வாதத்தை ஆங்கிலத்தில் படித்தால் மட்டும் நமக்கு உறைக்காமல் போவது எப்படி?

நாடகத்தில் காலிபனுக்கு வாய் இருக்கிறது. இந்தத் தீவு என் அம்மா வழியில் எனக்கு வந்தது, நீ பிடுங்கிக்கொண்டாய் என்கிறான். வந்த புதிதில் தடவிக் கொடுத்தாய், பேசக் கற்றுக் கொடுத்தாய், நானும் உன்னை நேசித்து எங்கே நல்ல தண்ணி ஊறும், எங்கே உப்புத் தண்ணி, எந்த மண் விளையும், எது விளையாது எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன், இப்போது எனக்கு ஒரு பாறையை விட்டுவிட்டு மற்ற தீவை நீ வைத்துக்கொண்டாய் என்கிறான்.

இதை அந்த அறையில் தமிழில் சொன்னபோது யாரும் குறிப்பு எடுக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளித் தீவு. காட்டுப்பள்ளிக் குப்பத்து ஜனங்கள் துறைமுகத்துக்காக இடம் மாற்றப்பட்டவர்கள். இந்தப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடாகிப்போன கழிமுகம். இறால் எங்கே தங்கும், நண்டு எந்தச் சேற்றில் இருக்கும், எந்த மாதத்தில் உப்பு ஏறும் என்று தெரிந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். நான் இதையெல்லாம் விளக்கவே இல்லை. "நம்ம ஆறு மாதிரிக்கா" என்று ஒரு பெண் சொன்னாள். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலிபனைத் தியாகியாக்கிக் கொடுப்பதும் வெட்டுவதுதான். அவன் மிராண்டாவைப் பலாத்காரம் செய்ய முயன்றான் என்று புராஸ்பரோ குற்றம் சாட்டுகிறார். காலிபன் மறுக்கவில்லை, சிரிக்கிறான். லாம் இதையும் நீக்கிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம், புரிகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டுமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் சொன்னேன். அறையில் சண்டை வந்தது. பையன்களில் சிலர் அந்தாள் நிலத்துக்காகப் பொய் சொல்றார் என்றார்கள். ஆற்றைச் சொன்ன அதே பெண், "நிலம் அவனோடதுதான். அதுக்காக அவன் செஞ்சது சரியாயிடுமா? அவளை யாராவது கேட்டாங்களா?" என்றாள். நான் முதுகலையில் படித்த பின்காலனியக் கட்டுரைகளில் பல, இந்த இரண்டு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லத் தயங்கியவை.

சுருக்கம் எளிமையாக்குகிறது என்கிறார்கள். இல்லை, அது காலிபனின் உரிமையையும் குற்றத்தையும் ஒன்றாக அழித்து, பிறவிக் குணத்தை மட்டும் விட்டு வைக்கிறது. வாதாட எதுவும் இல்லாத இடத்தில் பிள்ளை என்ன பேசும்?

*

மூன்றாவது இடம், பன்னிரண்டாம் வகுப்பு. அங்கே உலகமே நாடக மேடை என்று தொடங்கும் பகுதி கவிதைப் பிரிவில் இருக்கிறது. மனித வாழ்க்கையின் ஏழு பருவங்கள். குழந்தை அழுகிறது, மாணவன் முனகுகிறான், கடைசிப் பருவத்தில் கிழவனுக்குப் பல்லும் இல்லை, கண்ணும் இல்லை, எதுவுமே இல்லை. மனப்பாடம் செய்கிறார்கள், எழுதுகிறார்கள், "ஷேக்ஸ்பியர் வாழ்க்கையைப் பற்றி இப்படிச் சொல்கிறார்" என்று முடிக்கிறார்கள்.

ஷேக்ஸ்பியர் அப்படிச் சொல்லவில்லை. சொல்வது 'விரும்பிய விதமே' என்று பம்மல் சம்பந்த முதலியார் தமிழாக்கிய நாடகத்தில் வரும் ஜாக்வஸ். எல்லாவற்றையும் சலித்துக்கொள்ளும் ஒரு பிரபு. அவன் முதுமை ஒன்றுமற்றது என்று பேசி முடித்த அடுத்த நொடி மேடையில் என்ன நடக்கிறது தெரியுமா? கதாநாயகன் ஆர்லண்டோ, ஆதாம் என்கிற கிழட்டு வேலைக்காரனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். சேர்த்து வைத்த காசையெல்லாம் கொடுத்து, அவனுக்காகக் காட்டுக்கு வந்து, பசியில் விழுந்துவிட்ட கிழவர். பெரியவர் முதலில் சாப்பிடட்டும் என்று ஊட்ட வைக்கிறார்கள். வசனம் சொன்னதை மேடை மறுக்கிறது. நாடகம் என்பது இந்த மறுப்புதான். பாடநூல் பிரபுவின் பேச்சை வைத்துக்கொண்டு வேலைக்காரரை வெளியே நிறுத்திவிட்டது.

பதினோராம் வகுப்பில் 'ரிச்சர்ட் II' நாடகத்திலிருந்து கிரீடத்தைப் பற்றிய பேச்சு ஒன்றும் இப்படித்தான் கவிதையாக்கப்பட்டிருக்கிறது. பேசுகிறவர் தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு ராஜா. எதிரே யார், ஏன் தோற்றான் என்பது இல்லாமல் பிள்ளை அதைத் தத்துவமாகப் படிக்கிறது.

*

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும்.

ஒரு பக்கம், "இந்தப் பிள்ளைகளுக்கு எதுக்கு ஷேக்ஸ்பியர்? நாலு வாக்கியம் தப்பில்லாம பேசக் கத்துக்கொடுங்க, வேலை கிடைக்கும்." இன்னொரு பக்கம், "அது காலனிய மிச்சம். அவங்க கலையை அவங்ககிட்ட விடுங்க." அவங்க கலை என்று இவர்கள் சொல்வது கானா, பாக்சிங், கால்பந்து. வடசென்னைப் பிள்ளை என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான் வரும் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். எனக்கு மூன்றும் பிடிக்கும். நானே திருவொற்றியூர்க்காரி. ஆனால் இந்த இரண்டு யோசனையையும் சொல்கிறவர்கள் கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படித்தவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். தான் சாப்பிட்டுவிட்டு, உனக்கு இது செரிக்காது என்பது அக்கறையா?

காலனியம் என்பது உண்மை. 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பும், 1857-இல் வந்த மதராஸ் பல்கலைக்கழகமும், பட்டம் வாங்க ஷேக்ஸ்பியர் படித்தாக வேண்டும் என்ற நிலைமையும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படிப்பு யார் வீட்டுக்குப் போனது என்பதும் தெரியும். ஆனால் அந்த நாடகங்கள் பிறந்த இடம் எது? 1599-இல் குளோப் அரங்கம் கட்டப்பட்டது லண்டன் நகரத்துக்கு உள்ளே அல்ல. தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நகர நிர்வாகத்தின் கை எட்டாத சவுத்வார்க் பகுதியில். கரடிச் சண்டை, சாராயக் கடை, தோல் பதனிடுகிற நாற்றம், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகோட்டிகள். நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் தள்ளிவிட்ட ஓரம் அது. நின்று பார்க்க ஒரு பென்னி. ஷேக்ஸ்பியர் கையுறை செய்கிறவர் மகன். மார்லோ செருப்புத் தைக்கிறவர் மகன். பென் ஜான்சன் கொத்து வேலை பார்த்தவர். இதை எந்தப் பாடநூலாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறதா? 'ஜூலியஸ் சீசர்' நாடகம் தன்னை அதட்டும் அதிகாரிகளைச் சிலேடையால் மடக்கும் ஒரு செருப்புத் தொழிலாளியோடு தொடங்குகிறது. 'கொரியோலேனஸ்' தானியம் கேட்டுத் தெருவில் இறங்கும் பசித்த ஜனங்களோடு தொடங்குகிறது. இரண்டும் லாம் தொகுப்பிலேயே இல்லை.

தமிழில் இதை யாரும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. பம்மல் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆகவும் மேக்பெத்தை 'மகபதி' ஆகவும் மேடையேற்றினார். எழுத்தறிவில்லாத லட்சக்கணக்கானவர்கள் 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் சிவாஜி ஹாம்லெட் ஆனதைப் பார்த்தார்கள், 'இரத்தத் திலகம்' படத்தில் ஒத்தெல்லோ ஆனதைப் பார்த்தார்கள். கொட்டகையில் யாரும் எழுந்து போய்விடவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்து, கட்டியங்காரன் ராஜாவைக் கிண்டல் செய்வதற்குச் சிரித்துப் பழகிய ஊருக்கு ஷேக்ஸ்பியரின் விதூஷகனைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. தடுப்பது பிள்ளையின் அறிவல்ல. நாம் கொடுக்கும் பண்டம்.

*

சரி, நீ என்ன செய்து கிழித்தாய் என்று கேட்கலாம்.

முதல் காட்சியை மட்டும் எடுத்தேன். கடினமான சொற்களுக்கு எதிரே தமிழில் அர்த்தம் எழுதி நகலெடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து படிக்கவில்லை, எழுந்து நின்று கத்தினோம். ஒரு வரி ஆங்கிலத்தில், அதையே உடனே அவர்கள் பேச்சில். நான்கு சாயங்காலம் ஆனது. எல்லாம் அழகாக நடந்தது என்று எழுத மாட்டேன். மூன்றாம் நாள் பாதிப் பேர் வரவில்லை. ஒரு பையன் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. உச்சரிப்பு தாறுமாறு, என்னுடையதும் சேர்த்து.

ஆனால் நான் பிரபுக்களையும் சாரங்கையும் மேடையில் நிற்பது போல் நிறுத்தியபோது, முதல் நாள் கேள்வி கேட்ட அதே பையன் திருத்தினான். "புயல்ல யாரும் இப்டி நின்னுக்கினு பேச மாட்டாங்கக்கா. குந்திக்கினு, எதையாவது புடிச்சிக்கினுதான் கத்துவாங்க. நிக்கிறவன் ராஜாதான். அவனுக்குத்தான் தெரியாது." காட்சி மொத்தமும் அதற்குப் பிறகு மாறிவிட்டது. வேலை செய்கிறவர்கள் குனிந்து பிடித்துக்கொண்டிருக்க, அதிகாரம் மட்டும் நிமிர்ந்து நின்று தடுமாறியது.

புயல் முடிந்ததும் யாருக்கும் ஒரு கீறல் இல்லை, உடுப்பில்கூடக் கறை இல்லை என்று ஏரியல் என்கிற பூதம் வந்து சொல்கிறது. இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து இந்த முகத்துவாரத்தில் படிந்தது. படகு, வலை, அலையாத்தி, கூழைக்கடா எல்லாம் கறுப்பு. அவர்கள் அப்பாக்களும் அண்ணன்களும்தான் மக்கும் பக்கெட்டும் வைத்து அள்ளினார்கள். கறை படாத புயல் மந்திரவாதியின் புயல் மட்டும்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களிடம்தான் ஷேக்ஸ்பியர் கற்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

தேர்வில் இந்தப் பாடத்திலிருந்து என்ன வருகிறது? குலைத்துப் போட்ட ஐந்து வாக்கியங்களை வரிசைப்படுத்து. புயல் முதலில், கல்யாணம் கடைசியில். கைடு போதும், நாடகம் வேண்டாம். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்திருப்பதே வரிசைப்படுத்த மட்டும் லாயக்கான பண்டம்.

நான் கேட்பது பெரிதில்லை. முழு நாடகம் வேண்டாம். லாம் கதையைத் தூக்கவும் வேண்டாம். அதற்குப் பக்கத்தில் அசலிலிருந்து ஒரே ஒரு காட்சி, ஓரத்தில் தமிழ் அர்த்தத்தோடு. 'உலகமே மேடை'க்குக் கீழே, அடுத்து உள்ளே வருகிற கிழவரைப் பற்றி நான்கு வரி. காலிபன் தன் தீவைப் பற்றிப் பேசும் பேச்சு. "புராஸ்பரோ செய்தது சரியா?" என்று ஒரு கேள்வி, எந்தப் பதிலுக்கும் மதிப்பெண் உண்டு என்ற குறிப்போடு. நான்கு பக்கத்தில் அடங்கும்.

கடைசி நாள் அந்தப் பையனின் முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். மாலுமிகள் சாகவில்லை. பூதம் அவர்களைக் கப்பலின் கீழ்த்தட்டில் தூங்க வைத்துவிட்டது. கடைசிக் காட்சியில் சாரங்கு திரும்பி வருகிறான். கப்பல் புதுசு போல நிற்கிறது என்று அவன்தான் வந்து சொல்கிறான். எல்லோரும் ஊர் திரும்பப்போவது அவர்கள் ஓட்டும் கப்பலில்தான்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "இதை ஏன்க்கா புக்குல போடல?"

நான் பதில் சொல்லவில்லை. அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை.